பிபிஎஃப் கணக்கைக் கைவிட அவசரப்பட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. வருமான வரியில் புதிய முறைக்கு மாறிவிட்டால் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) என்னும் 15 ஆண்டு சேமிப்புக் கணக்கால் பயனில்லை, இனி பணம் போட வேண்டாம் என்கிறார்கள். ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் இடங்களிலேயே சிலர் இப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். அதைக் கேட்டுக் கணக்கைக் கிடப்பில் போடுபவர்களில் பலருக்குக் கம்பெனி பி.எஃப். என்று ஒன்று கிடையாது. லேத் பட்டறை வைத்திருப்பவர்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை நடத்துபவர்கள், வீட்டில் தையல் வேலை பார்க்கும் பெண்கள். வயதான காலத்துக்கென்று அவர்கள் கையில் இருப்பது இந்த ஒரு பாஸ்புக்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

புதிய முறையில் போவது போடும் பணத்துக்கான வரிக் கழிவு மட்டுமே. வருமான வரிச் சட்டத்தில் 80சி பிரிவு என்று நமக்குப் பழகிய கழிவு அது. ஆண்டுதோறும் சேரும் வட்டிக்கும், முடிவில் கைக்கு வரும் மொத்தப் பணத்துக்கும் உள்ள வரிவிலக்கு பழைய முறை, புதிய முறை இரண்டிலும் அப்படியே இருக்கிறது. வங்கியில் ஃபிக்சட் டெபாசிட் போட்டால் அதன் வட்டி வருமானத்தோடு சேர்கிறது. பிபிஎஃப் வட்டி சேர்வதில்லை. ரிட்டர்னில் விலக்கு பெற்ற வருமானம் என்ற இடத்தில் அதைக் காட்டிவிட்டால் போதும்.

வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாதவருக்கு இந்த விலக்கால் பெரிய லாபம் இல்லை என்பது உண்மை. ஆனால் அவருக்கு வேறொரு பாதுகாப்பு இதில் இருக்கிறது. தொழில் நொடித்து, கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) வாங்கினாலும் பிபிஎஃப் கணக்கில் உள்ள பணத்தை ஜப்தி செய்ய முடியாது. சிறுதொழில் செய்பவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதே சமயம், தண்டலுக்கு வாங்கிய கடனுக்கு நாள்தோறும் கட்டிக்கொண்டிருப்பவர் முதலில் அதை அடைக்கட்டும். பிபிஎஃப்பில் வட்டி 7.1 சதவீதம்தான், பணமும் சுலபத்தில் வெளியே வராது.

அந்த 7.1 சதவீதம் 2020 ஏப்ரலில் இருந்து இருந்துவரும் விகிதம். அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை அறிவிக்கிறது. கணக்குத் தொடங்கிய நாளின் விகிதம் 15 ஆண்டுக்கும் உறுதி என்று நினைப்பது தவறு. ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1,50,000 ரூபாய் போடலாம். அந்த உச்சவரம்பு அப்பாவின் கணக்குக்கும், அவர் காப்பாளராக இருந்து பிள்ளை பெயரில் நடத்தும் கணக்குக்கும் சேர்த்துத்தான். மனைவி தன் பெயரில் வைத்திருக்கும் கணக்குக்குத் தனி வரம்பு உண்டு.

நம் மக்கள் அதிகம் இழப்பது 5ஆம் தேதி விஷயத்தில். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவில் இருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 5ஆம் தேதிக்குள் போட்ட பணத்துக்கு அந்த மாத வட்டி உண்டு, 6ஆம் தேதி போட்டதற்கு இல்லை. ஏப்ரல் 5க்குள் 1,50,000 ரூபாய் போட்டவருக்கு அந்த ஆண்டு வட்டி 10,650 ரூபாய். மறுநாள் போட்டவருக்கு 9,762 ரூபாய் 50 காசு. ஒரு நாளில் 887 ரூபாய் 50 காசு போகிறது. மார்ச் கடைசி வாரத்தில் ஓடிவந்து கட்டுபவர்களுக்கு வரிக் கழிவு கிடைக்கலாம், அந்த ஆண்டுக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. செக்காகக் கொடுத்தால் கவுண்டரில் கொடுத்த தேதி கணக்கில்லை, செக் பாஸாகிப் பணம் வரவான தேதிதான் கணக்கு. 3ஆம் தேதி கொடுத்த செக் 6ஆம் தேதி வரவானால் அந்த மாத வட்டி போயிற்று. செக் கொடுப்பவர்கள் முந்தைய மாதம் 27, 28க்குள் கொடுத்துவிடுவது நல்லது. 5ஆம் தேதி ஞாயிறாக வந்தால் முன்கூட்டியே கட்டிவிடுங்கள்.

ஏப்ரலில் மொத்தமாகப் போடுங்கள் என்ற அறிவுரை காசிமேட்டில் விசைப்படகில் போகிறவருக்குப் பொருந்தாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முன் கையில் உள்ள பணம் வீட்டுச் செலவுக்கு வேண்டும். மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இந்தக் கணக்கில் இல்லை. மீன் கிடைத்து விற்ற மாதத்தில், 50 ரூபாயின் மடங்கில், முடிந்ததைப் போடலாம். சீட்டு போல ஒரு மாதம் தவறினால் யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். மாதம் 1,000 ரூபாய் 5ஆம் தேதிக்குள் போட்டு வந்தால், வட்டி இதே அளவில் நீடித்தால், 15 ஆண்டில் போட்ட 1,80,000 ரூபாய் சுமார் 3,15,000 ஆகும்.

ஓர் ஆண்டு முழுக்க 500 ரூபாய்கூடப் போடாவிட்டால் கணக்கு நின்றுவிடும். பணம் போய்விடாது, ஆனால் கடனோ இடையில் பணமோ எடுக்க முடியாது. தவறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 500 ரூபாயும் அபராதம் 50 ரூபாயும் கட்டினால் உயிர் வரும். 5 ஆண்டு விட்டவருக்கு 2,750 ரூபாய், அதோடு நடப்பு ஆண்டுக்கான பணம். முதிர்வுக்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும். புதிய வரி முறை என்று சொல்லி நிறுத்தியவர்கள் ஆண்டுக்கு 500 ரூபாயாவது போட்டு வைப்பது உத்தமம்.

இடையில் பணம் எடுப்பதிலும் குழப்பம் இருக்கிறது. இப்போதைய இருப்பில் பாதி கிடைக்கும் என்று நினைத்து வருகிறார்கள். எடுக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் இறுதி இருப்பு ஒன்று, நான்காவது முந்தைய ஆண்டின் இறுதி இருப்பு ஒன்று. இரண்டில் எது குறைவோ அதில் பாதிதான் கிடைக்கும். 2019-20இல் தொடங்கிய கணக்கில் 2025-26இல்தான் முதன்முதலாக எடுக்கலாம். 2022 மார்ச் 31இல் 80,000 ரூபாயும், 2025 மார்ச் 31இல் 1,70,000 ரூபாயும் இருந்திருந்தால் கிடைப்பது 40,000. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு இதை நம்பியிருப்பவர்கள் முதலிலேயே பாஸ்புக்கில் இந்த இரண்டு தேதிகளையும் பார்த்துக்கொள்ளட்டும்.

15 ஆண்டு என்பதும் தொடங்கிய நாளில் இருந்து எண்ணுவதில்லை. தொடங்கிய நிதியாண்டு முடிந்த பிறகுதான் எண்ணிக்கை ஆரம்பம். 2010 ஆகஸ்டில் தொடங்கியது 2025 ஆகஸ்டில் முதிராது, 2026 மார்ச் 31 வரை காத்திருக்க வேண்டும். முதிர்ந்த பிறகு 5 ஆண்டு வீதம் நீட்டிக்கலாம். தொடர்ந்து பணம் போட விரும்பினால் முதிர்ந்த ஓராண்டுக்குள் பாரம் 4 எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய நஷ்டம் இங்கேதான் நடக்கிறது. பாரம் கொடுக்காமல் பழக்கத்தில் போட்டுக்கொண்டே இருந்தால், அப்படிப் போட்ட பணத்துக்கு வட்டியும் இல்லை, வரிக் கழிவும் இல்லை. ஒன்றும் எழுதிக் கொடுக்காமல், பணமும் போடாமல் விட்டால் இருக்கும் தொகைக்கு வட்டி தொடர்ந்து சேரும், ஆண்டுக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். ஓய்வுக் காலத்துக்குப் பணம் போடாமல் நீட்டிக்கும் இந்த வழியே நல்லது என்பது என் கருத்து.

தபால் ஆபீஸில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லி ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரு கணக்குதான் அனுமதி. கூட்டுக் கணக்கும் கிடையாது. ஆகவே நாமினி பெயர் எழுதாமல் விட்டால் மனைவியும் பிள்ளைகளும் வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய பல பாஸ்புக்குகளில் இன்னும் காலமான அம்மாவின் பெயர்தான் நாமினியாக இருக்கிறது. நாமினியை மாற்ற வாங்கிய 50 ரூபாய் கட்டணமும் 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டுவிட்டது. நான்கு பேர் வரை பெயர் கொடுக்கலாம்.

அஞ்சல் துறையும் வங்கிகளும் ஒன்று செய்யலாம். கணக்கு முதிரும் தேதியையும், பாரம் 4 கொடுக்கக் கடைசித் தேதியையும் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கட்டும். 5ஆம் தேதி விதியைக் கவுண்டருக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டட்டும். வடசென்னைக் கிளைகளில் வரும் மார்ச்சுக்குள் இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை