மாதுளங்கன்று வீட்டுக்கு வருகிறது

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு மாதுளங்கன்றோடு வீட்டுக்கு வருவார்கள். நம் பள்ளித் தோட்டத்து மாதுளையில் குச்சி வெட்டி, பிள்ளைகளே நட்டு வேர்விட வைத்த கன்றுகள். விதை போட்டு முளைத்தது தாய்ச்செடி போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. குச்சியில் வந்தது அப்படியே காய்க்கும்.

நம் வீடுகளில் இடம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வாசலோரம் இரண்டடி மண் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மொட்டைமாடியில் ஒரு பெரிய பெயின்ட் வாளியில் தொடங்கலாம், அப்புறம் டிரம்முக்கு மாற்றிக்கொள்ளலாம். அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். நம்மூர் மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். செம்மண், மட்கிய சாணி எரு, கொஞ்சம் மணல் போதும். வெயில் மட்டும் தினமும் ஆறு மணி நேரமாவது படவேண்டும். காவிரித் தண்ணீர் வராத நாளில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றலாம்.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். பூ உதிர்ந்தால் பிள்ளையைக் கோபிக்காதீர்கள். போன வருஷம் ஒரு சிறுமி உதிர்ந்த பூக்களைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்து நின்றாள். "தண்ணி சரியாத்தான் ஊத்தினேன் டீச்சர்" என்று ஒரே அழுகை. அவளைச் செடியருகே கூட்டிப்போய் இரண்டு பூக்களைக் காட்டினேன். ஒன்று அடி கூம்பி, மணியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. இன்னொன்று அடி பருத்து, குட்டிக் குடம் போல இருந்தது. மணி மாதிரி இருப்பது ஆண்பூ, அது உதிரத்தான் செய்யும். குடத்தில்தான் காய் பிடிக்கும். மாலை மணி அடிப்பதற்குள் அவள் பதினேழு குடம் எண்ணிவிட்டாள்.

முதல் வருஷம் பூத்தால் கிள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன், செடி தேறட்டும். இரண்டாம், மூன்றாம் வருஷத்தில் காய்க்கும். பூ பழமாக ஐந்தாறு மாதம் ஆகும். ஆக, இவர்கள் எட்டாம் வகுப்புக்கு வரும்போதுதான் வீட்டுப் பழம். பிஞ்சு நெல்லிக்காய் அளவு வந்ததும் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டுங்கள். பிஞ்சின்மேல் ஒரு பட்டாம்பூச்சி முட்டையிடும், அதன் புழு காயைத் துளைத்து முத்துக்களைத் தின்றுவிடும். நாலு நாள் காயவிட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றினாலும் காய் வெடிக்கும்.

அதனால் தினமும் பார்த்து ஊற்றும் பழக்கம் பிள்ளைக்கு வரவேண்டும். மறந்தால் ஞாபகப்படுத்துங்கள், தயவுசெய்து நீங்களே ஊற்றிவிடாதீர்கள். இலை லேசாக வாடினால் வாடட்டும். அதைப் பார்த்துப் பிள்ளை ஓடிப்போய்ச் செம்பை எடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இடமே இல்லாதவர்கள் கன்று வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டாம். பள்ளிச் சுவரோரம் இடம் வைத்திருக்கிறோம், பிள்ளையின் பெயர் எழுதி அங்கேயே நடலாம். மற்றவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு துணிப்பையோடு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை