‘உப்பு – தேவையான அளவு’ என்றால் எத்தனை கிராம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கம் அடிக்கடி எழுதுகிறது. சமையல் பக்கமோ புளி எலுமிச்சை அளவு, மிளகாய்த்தூள் 2 ஸ்பூன் என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்லிவிட்டு, உப்புக்கு மட்டும் ‘தேவையான அளவு’ என்று கைகழுவி விடுகிறது. கடைசியில் நாக்கு கேட்பதுதான் தேவை என்றாகிறது. பழகிய நாக்கு ஒருநாளும் குறைத்துக் கேட்காது.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. குழம்பு, இட்லி மாவு, ஊறுகாய், பிஸ்கட், டீக்கடை போண்டா எல்லாம் அதற்குள் அடக்கம். நம் வீட்டில் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் அதன் மேலேயே தேதியை எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. வெளியில் சாப்பிடுவதற்கு ஆளுக்கு 1 கிராம் ஒதுக்கிவிட்டால் அடுப்படிக்கு மீதி 4 கிராம். நான்கு பேருக்கு 16. தலைதட்டிய டீஸ்பூனில் தூள் உப்பு மூன்று ஸ்பூன். காலையிலேயே அதை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, ராத்திரி வரை அந்தக் கிண்ணத்தை விட்டு வெளியே போகாமல் சமைத்துப் பாருங்கள். டிபனுக்கு 4 கிராம், மதியக் குழம்புக்கு 4, பொரியலுக்கு 2, ரசத்துக்கு 2, ராத்திரிக்கு 4. ஒரே நாளில் எங்கே கை நீளுகிறது என்று தெரிந்துவிடும்.

கல் உப்பிலிருந்து தூள் உப்புக்கு மாறுபவர்கள் பழைய ஸ்பூன் கணக்கையே வைத்துக்கொள்வதும் ஒரு தவறு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் கல் உப்பு எடை குறைவு, தூள் அதிகம். இந்துப்புக்கு மாறினால் கொதிப்பு இறங்கும் என்பதிலும் சாரமில்லை. அதுவும் பெரும்பாலும் சாதா உப்பில் உள்ள அதே சோடியம் குளோரைடுதான், விலைதான் வேறு. அயோடின் சேர்த்த உப்பையே குறைவாகப் போடுவது நல்லது.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்தாலும் வடார்க்காட்டுச் சாப்பாடு இன்னும் ஒன்றுதான். கேழ்வரகுக் களியும் கூழும், கீரைக் கடைசலும், மல்லாட்டை எனும் வேர்க்கடலையும் கொதிப்புக்காரர்களுக்கு ஏற்றவையே. வம்பு அவற்றோடு வரும் துணையில் இருக்கிறது. கூழுக்கு மோர் மிளகாய், ஊறுகாய், கருவாடு. மாங்காய் ஊறுகாயை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கிலோ மாங்காய்க்கு 150 முதல் 200 கிராம் உப்பு போடுகிறோம். எண்ணெய், தூள் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ ஆனாலும் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குக் குறையாது. 15 கிராம் தொட்டுக்கொண்டால் ஒன்றரை கிராம் உப்பு உள்ளே போகிறது. நாள் கணக்கில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரு தொடுதலிலேயே கழிந்துவிட்டது.

கூழுக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போதாதா? கருவாடு இல்லாமல் முடியாது என்பவர்கள் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஒருமுறை ஊறவைத்துக் கழுவட்டும். அந்தக் குழம்புக்கு உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, இறக்கும்போது ருசி பார்த்துக்கொள்ளலாம். களி கிண்டும் தண்ணீரில் உப்பு வேண்டியதே இல்லை, தொட்டுக்கொள்ளும் குழம்பில் இருக்கிறதே. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சோடியம்தான். ஆப்ப சோடாவும், வயிற்று உப்புசத்துக்குக் கரைத்துக் குடிக்கும் பவுடரும் அப்படியே. பாக்கெட் தின்பண்டங்களில் அச்சிட்டிருக்கும் சோடியம் மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும்: 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு.

குறைக்கும்போது எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில். ஒரே நாளில் பாதியாக்குகிறார்கள், வீட்டில் தட்டு நகர்த்தப்படுகிறது, மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடுகிறது. வாரத்துக்குக் கொஞ்சமாக, ஒன்றரை மாதத்தில் இறக்குங்கள். நாக்கு தானாகப் பழகிக்கொள்ளும். இன்னொன்று, புளியும் காரமும் ஏறினால் உப்பும் ஏறியே தீரும். கெட்டிப் புளிக்குழம்பில் உப்பை மட்டும் குறைத்தால் வாயில் வைக்க முடியாது. மூன்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அல்லது அந்த நாளில் கூட்டு, பருப்புக் கடைசல் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். வறுத்துப் பொடித்த தனியா, மிளகு, கறிவேப்பிலை, இறக்கியபின் பிழியும் அரை மூடி எலுமிச்சை ஆகியவை உப்பின் குறையை நன்றாக மறைக்கும். உப்பை ஆரம்பத்திலேயே போட்டு வேகவிடாமல் கடைசியில் போட்டால் குறைந்த அளவே ருசி காட்டும்.

“வேலூர் வெயிலில் உப்பு குறைந்தால் மயக்கம் வராதா?” என்பது இங்கே எப்போதும் வரும் கேள்வி. வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களுக்குச் சாப்பாட்டு உப்பே போதும், தண்ணீர்தான் கூடுதலாக வேண்டும். நாளெல்லாம் வயலிலோ செங்கல் சூளையிலோ வேர்த்து உழைப்பவர்கள், அதிலும் சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள், உப்பை அறவே நிறுத்தக் கூடாது. சோடியம் அளவுக்கு மேல் இறங்கினால் தள்ளாட்டமும் குழப்பமும் வரும். அவர்கள் மருத்துவரிடம் கேட்டே அளவை வைத்துக்கொள்ள வேண்டும்.

உப்பைக் குறைப்பது பாதி வேலை, பொட்டாசியத்தைக் கூட்டுவது மறுபாதி. தினம் ஒருவேளை முருங்கைக்கீரையோ அரைக்கீரையோ, இரண்டு வேளை காய், ஒரு வாழைப்பழம், பருப்பு. காயும் பழமும் சேர்ந்து நாளைக்கு 400 கிராம் இருக்கட்டும். கீரை வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் அதோடு போய்விடும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதே பொட்டாசியம் ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் தினமும் இளநீர் குடிப்பதும், ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை வாங்குவதும் வேண்டாம். அந்த விளம்பரங்களில் இந்த எச்சரிக்கை கண்ணில் படும் அளவில் இருப்பதில்லை.

இவ்வளவு செய்தால் எவ்வளவு இறங்கும்? கொதிப்பு உள்ளவர் நாளைக்கு 4, 5 கிராம் உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சுமார் 5 புள்ளி இறங்கும். காய், பழம், கொழுப்பு குறைந்த பால் என்று முழுச் சாப்பாட்டையும் மாற்றி 1997-இல் அமெரிக்காவில் வெளியான ‘டேஷ்’ ஆய்வில், கொதிப்பு உள்ளவர்களுக்குச் சுமார் 11 புள்ளி இறங்கியது. ஒரு மாத்திரையின் வேலைக்கு இது சளைத்ததல்ல. ஆனால் 170-இல் நிற்பவரை இது மட்டும் 130-க்குக் கொண்டுவராது. வெறும் வயிற்றுப் பூண்டை நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் வந்த 2021 முதல் மாத்திரை பலருக்கு வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை ஊறுகாய்ச் சோற்றுக்குப் பின்னால் விழுங்கினால் பலனில் ஒரு பகுதி அங்கேயே கரைகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி சமையல் பக்கத்தில் உப்பையும் கிராமில் அச்சிடுங்கள். மாதிரிக்கு இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க் கடைசல், நான்கு பேருக்கு: கத்தரிக்காய் அரை கிலோ, பாசிப்பருப்பு 50 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், தக்காளி 2, பச்சை மிளகாய் 4, புளி ஒரு சுளை, தாளிக்க எண்ணெய் 2 டீஸ்பூன். உப்பு 4 கிராம், அதாவது தலைதட்டி முக்கால் டீஸ்பூன். கடைந்து இறக்கியபின் போடவும்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்து ஆலோசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.