மொட்டை மாடியையும் பிளானில் வரையுங்கள்

எங்கள் ஊர்களில் வீடு கட்டித் தரும் இன்ஜினியர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும்,

வணக்கம். திருச்சி–கரூர் சாலையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். ஏழு வருடங்களுக்கு முன்பு கடன் வாங்கி ஒரு வீடு கட்டினேன். மூன்று சென்ட் மனை, தரைத்தளம் மட்டும். கட்டித் தந்தவர் நல்ல மனிதர். கம்பியிலும் சிமென்ட்டிலும் ஒரு குறை வைக்கவில்லை; இன்றுவரை எங்கேயும் விரிசல் கிடையாது.

ஆனால் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு அந்த வீட்டுப் படுக்கையறையில் படுக்க முடியாது. மேற்குச் சுவரில் கை வைத்தால், அடுப்பை அணைத்து அரைமணி நேரம் ஆன தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். சுவிட்ச் போர்டு கூடச் சுடும். ஃபேனைப் போட்டால் மேலிருந்து அனல்தான் இறங்கும். எழுபதைத் தாண்டிய என் அம்மா ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். கொல்லையில் மாடு கட்டும் பழைய ஓட்டுக் கொட்டகை ஒன்று உண்டு. “இதுக்கு அந்தக் கொட்டாயே தேவலைடா” என்று ஒருநாள் சொன்னார். வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கட்டிய வீட்டைப் பற்றி அப்படிக் கேட்டதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும் விசாரிக்கவும் ஆரம்பித்தேன். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. தெரிந்ததைச் செய்யாமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. அந்த நாட்களில் நம் பக்கத்தில் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேரே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து நிற்கும். ஏப்ரல் 20-ஐ ஒட்டித் திருச்சியில் ஒரு கம்பை நேராக நட்டுவைத்தால் உச்சிப் பொழுதில் அதற்கு நிழலே விழாது. அப்படியானால் வெயில் முழுசாக விழும் இடம் எது? மொட்டை மாடித் தளம்தான். நாம் போடும் நாலைந்து அங்குல காங்கிரீட் பகலெல்லாம் அந்த வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகு அறைக்குள் கக்குகிறது. நாம் படுக்கப் போகும் நேரத்தில்தான் அது மும்முரமாக நடக்கிறது.

இதை உங்கள் தாத்தாக்கள் அறிந்திருந்தார்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டினார்களே, அந்த மெட்ராஸ் தளத்தின் கீழ் ஒரு மத்தியானம் படுத்துப் பாருங்கள். காங்கிரீட் வந்த பிறகும் கொஞ்ச காலம் அந்தப் பக்குவம் இருந்தது. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். அதற்கு மேல்தான் தட்டோடு. இப்போது அந்த ஜல்லி அடுக்கே காணாமல் போய்விட்டது. சிமென்ட் கலவையில் நேராக டைல்ஸ் ஒட்டிவிட்டு முடித்துக்கொள்கிறோம். வெள்ளை கூலிங் டைல்ஸ் வெயிலைத் திருப்பி அனுப்பும், மறுக்கவில்லை. ஆனால் தூசி படிந்து கறுத்துவிட்டால் அந்தப் பலன் போய்விடும். வருடம் ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் யாரும் சொல்வதில்லை.

நான் போன வருடம் பங்குனியில் சுண்ணாம்பை ஊறவைத்து, ஃபெவிகால் கலந்து, மாடியில் இரண்டு கோட் அடித்தேன். செலவு பெரிதாக இல்லை. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மாடியில் நின்றேன். நிற்க முடிந்தது! இந்த மாதிரி வெள்ளைத் தளத்தால் அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறையும் என்று சொல்கிறார்கள். அம்மா இப்போது உள்ளே படுக்கிறார். மழையில் கரைந்துவிடுவதால் வருடா வருடம் அடிக்க வேண்டியிருக்கிறது. முதலிலேயே ஜல்லித் தளம் போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. என் வீட்டின் முன்பக்கச் சுவரில் அழகுக்காக ஒட்டிய க்ளாடிங் கல்லுக்கும் கண்ணாடிக் கைப்பிடிக்கும் ஆன செலவிலேயே அதைப் போட்டிருக்கலாம்.

அடுத்தது கன்னி மூலை. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை தென்மேற்கில்தான் வர வேண்டும் என்று நாங்கள்தான் பிடிவாதம் பிடிக்கிறோம், அதை உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் அந்த அறைதான் மதியம் இரண்டு மணி முதல் பொழுது சாயும்வரை மேற்கு வெயிலை வாங்குகிறது. சாய்ந்து வரும் அந்த வெயிலை இரண்டடி சன்ஷேட் தடுக்காது. சரி, அறை அங்கேயே இருக்கட்டும். மேற்குச் சுவரை மட்டும் காப்பாற்றிக் கொடுங்கள். மாடிப்படியை அந்தப் பக்கம் கொண்டு போகலாம். இடம் இருந்தால் ஒரு தாழ்வாரம் இறக்கலாம். செங்கல்லைக் குத்தாக வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் செங்கல்லும் கால்வாசி மிச்சம், சூடும் மெதுவாகத்தான் உள்ளே வரும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் அப்படி எத்தனையோ வீடுகள் கட்டினார். மனையில் முருங்கை வைக்க மூன்றடி விட்டால் கூடப் போதும். மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் மட்டும் வேண்டாம்.

அப்புறம் வென்டிலேட்டர். ஏசி மாட்டுவார்கள் என்று நினைத்து அதைப் பிளானிலிருந்தே எடுத்துவிட்டீர்கள். ஏசி வாங்க முடியாத வீட்டில் சூடான காற்று கூரையடியிலேயே தேங்கி நிற்கிறது. வாங்கிய வீட்டிலோ, சுடுகிற தளத்தோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டி, இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டி எகிறுகிறது. மாடியில் சோலார் போட மத்திய அரசு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, நல்ல விஷயம். ஆனாலும் தளத்தைச் சரி செய்யாமல் சோலார் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பில், கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதைக் காட்டும் யு-மதிப்புக்கு 1.2 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்; அந்த எண் கூடக் கூட உள்ளே இறங்கும் சூடும் கூடும். வெறும் காங்கிரீட் தளத்துக்கு அது 3-க்கும் மேல் வருகிறது. ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளை மனதில் வைத்து எழுதியது. நம் மூன்று சென்ட், ஐந்து சென்ட் வீடுகள் அதில் வராது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024-ல் அறிவித்துவிட்டது. அந்தப் பேரிடர் நம் வீட்டுக்குள் நுழைவதோ நீங்கள் போட்ட தளம் வழியாக.

2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, அதுவரை வரையாத அந்தக் குழியை நீங்கள் ஒவ்வொரு பிளானிலும் வரையக் கற்றுக்கொண்டீர்கள். அதே மாதிரி இனிமேல் தளத்தின் குறுக்குவெட்டு ஒன்றையும் வரையுங்கள். காங்கிரீட்டுக்கு மேல் என்ன வரும், எத்தனை அங்குலம், என்ன நிறம் என்று எழுதுங்கள். எஸ்டிமேட்டில் எலிவேஷன் என்ற முகப்பு அலங்காரத்துக்கு முன்னால் அதற்கு ஒரு வரி போடுங்கள். வீட்டுக்காரர் காசைக் குறைக்கச் சொன்னால், க்ளாடிங்கைக் குறையுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் கட்டிச் சாவி கொடுத்த ஏதாவது ஒரு வீட்டுக்கு, வருகிற சித்திரையில் ராத்திரி பத்து மணிக்குப் போங்கள். தென்மேற்கு அறையில் ஃபேனை மட்டும் போட்டுவிட்டு அரைமணி நேரம் உட்காருங்கள். மேற்குச் சுவரில் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
நீங்கள் கட்டிய வீட்டில் வசிக்கும் ஒருவன்