முதல் நாளே வீட்டுக்குப் போகும் அணிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் பரிசளிப்புப் படம் வந்திருந்தது. வெற்றிக்கேடயத்தைச் சுற்றி முன்வரிசையில் நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். பொன்னாடை போர்த்தியவர்கள் மட்டும் ஒன்பது பேர். சம்பியனான பிள்ளைகள் பின்னால் தலை தெரிய நிற்கிறார்கள். பந்துக் காப்பாளனைக் காணவே இல்லை. நானும் ஒரு காலத்தில் பந்துக் காப்பாளன் என்பதால் அது கொஞ்சம் உறைத்தது. ஆனால் நான் எழுத வந்தது அந்தப் படத்தைப் பற்றியல்ல. படத்துக்குள் வராத மற்ற முப்பத்தொரு அணிகளைப் பற்றி.

என் தங்கைக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். இளையவன் எங்கள் ஊர்க் கழகத்தில் இடது ஓரத்தில் விளையாடுகிறான். அதே சுற்றுப்போட்டிக்கு அவர்களும் பெயர் கொடுத்தார்கள். நுழைவுக் கட்டணம் 5,000 ரூபா. ஜேர்சிக்கு வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்டும், ஊருக்குள் வீடு வீடாக ஏறியும் காசு சேர்த்தார்கள். இரண்டரை மணிக்கு என்று அறிவித்த ஆட்டம், பிரதம விருந்தினர் வந்து, விளக்கேற்றி, மாலை போட்டு, மூன்று பேர் பேசி முடித்து, நாலே முக்காலுக்குத் தொடங்கியது. மின்னொளி இல்லாத மைதானம். இருட்டுவதற்குள் இன்னோர் ஆட்டமும் முடிய வேண்டும் என்று பாதிக்குப் பதினைந்து நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். கோல் விழவில்லை. உடனே சமநிலை தவிர்ப்பு உதை. நாலுக்கு மூன்று. பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனேன். முருங்கைக்கும் மதிலுக்கும் இடையில் கட்டிய கொடியில் ஏழாம் இலக்க ஜேர்சி காய்ந்துகொண்டிருந்தது. விலை அட்டையைப் பிய்த்த நூல் இன்னும் கழுத்தில் தொங்கியது. ஆறு மாதப் பயிற்சி, முப்பது நிமிட ஆட்டம், ஒரு தோய்ப்பு. அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டேன். "ஆவணியில் வேறோர் ஊரில் வைப்பார்களாம், மாமா" என்றான். அதுவும் ஒரு தடவை தோற்றால் வெளியேறும் விலகல் முறைதான்.

மூத்தவன் ருமேனியாவில், டனியூப் நதிக்கரையில் உள்ள கலாட்ஸ் நகரத்தில் வெல்டிங் வேலை செய்கிறான். அவன் போன 2022 ஆம் ஆண்டில் அந்த ஊரின் ஒட்செலுல் கழகம் நாட்டின் இரண்டாம் பிரிவில் இருந்தது. ஒட்செல் என்றால் உருக்கு. ஊரே உருக்காலையால் வளர்ந்த ஊர். 2011 இல் டோரினெல் முண்டியானுவின் பயிற்றுவிப்பில் இந்தக் கழகம் ருமேனியாவின் சம்பியன். அந்தத் தகுதியில் ஐரோப்பியக் கழகங்களின் சம்பியன்ஸ் லீக்கில் மன்செஸ்டர் யுனைட்டெட், பென்பிகா, பாசல் அணிகளுடன் ஒரே குழுவில் ஆடி ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. 2016 இல் கடனில் மூழ்கி, கழகமே இல்லாமல் போய், நான்காம் பிரிவில் மறுபடி முதல் படியிலிருந்து ஏறியது.

மருமகன் குளிரில் நடுங்கிக்கொண்டு பார்த்த அந்த 2022–23 பருவத்தைத் தொலைபேசியில் எனக்குச் சனிக்கிழமை தவறாமல் ஒப்புவிப்பான். நாங்கள் கச்சான் கொறிப்பதுபோல அங்கே சூரியகாந்தி விதை கொறிப்பார்களாம். ஆட்டம் முடிந்து எழும்பினால் கால்கள் கோதுக்குள் புதையுமாம். என்னைப் பிடித்துக்கொண்டது விதையல்ல, கணக்கு. அந்தப் பருவத்தில் இருபது அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற பத்தொன்பது அணிகளுடனும் ஒரு தடவை மோதும். பிறகு முதல் ஆறு அணிகள் தனியாகப் பிரிந்து, முன்னர் எடுத்த புள்ளிகளோடு, தமக்குள் இரண்டிரண்டு ஆட்டம் ஆடும். மிகுதிப் பதினான்கும் ஏழேழாகப் பிரிந்து, கீழ்ப் பிரிவுக்கு விழாமல் இருப்பதற்காக ஆடும். அதாவது மேலே போகிற அணிக்கு 29 ஆட்டம். ஆகக் கடைசியாக வந்த அணிக்கும் 25 ஆட்டம்! மார்கழியில் பனி கொட்டத் தொடங்கினால் நிறுத்தி, மாசியில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

"மாமா, இங்கே இன்றைக்கு ஐந்து கோல் வாங்கினவனும் வருகிற கிழமை விளையாடுகிறான்" என்று ஒரு நாள் சொன்னான். அந்த ஒரு சொல்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

அந்தப் பிரிவில் ஸ்டெயாவா என்ற அணியும் இருந்தது. 1986 இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியில் பார்சலோனாவின் நான்கு தண்ட உதைகளையும் ஸ்டெயாவாவின் பந்துக் காப்பாளர் ஹெல்முத் டுக்கடாம் தடுத்தாரே, அந்தப் பெயர். (பெயர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு கழகங்கள் நீதிமன்றம் வரை போனது வேறு கதை. நான்கையும் ஒருவர் தடுத்ததை எங்கள் வாசகசாலையில் எழுத்துக் கூட்டி வாசித்த அன்று நான் சோறு உண்ணவில்லை.) அந்தப் பருவத்தில் ஆடிய ஸ்டெயாவா பாதுகாப்பு அமைச்சின் கழகம், அப்போதைய விதிப்படி முதற் பிரிவுக்கு உயர முடியாமல் இருந்தது. முதல் ஆறுக்குள் வந்தும் பயனில்லை என்று தெரிந்தும் கடைசி ஆட்டம் வரை ஆடினார்கள். 2022 இல் வரலாற்றில் முதற்தடவையாகக் கீழே விழுந்த டினமோ புக்கரெஸ்ட், 18 தடவை சம்பியன், அதே பருவத்தில் தட்டுத் தடுமாறி, முதற் பிரிவின் அணியொன்றைத் தெரிவு ஆட்டத்தில் வென்று மேலே போனது. ஒட்செலுல் நேரடியாகவே உயர்ந்தது. பயிற்றுநர் அதே முண்டியானு. அந்த 2023 ஆம் ஆண்டில்தான் பிபா இலங்கையை ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரை இடைநிறுத்தி வைத்திருந்தது. மருமகன் அங்கே துள்ளினான்; நாங்கள் இங்கே தடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

விலகல் முறையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2024 இல் ருமேனியக் கிண்ண இறுதியில் கொர்வினுல் ஹுனெடோரா என்ற இரண்டாம் பிரிவு அணி தண்ட உதையில் வென்றது. தோற்றது யார்? ஒட்செலுல். மருமகன் இரண்டு நாள் தொலைபேசியை எடுக்கவில்லை. அப்படிப்பட்ட அதிசயம் கிண்ணப் போட்டியில்தான் நடக்கும். ஆனால் அங்கே கிண்ணம் பலகாரம், எல்லா அணியும் எல்லா அணியுடனும் மோதும் லீக்தான் சாப்பாடு. நாங்கள் பலகாரத்தை மட்டுமே தின்று பசியாறப் பார்க்கிறோம்.

"செலவு யார் தருவது?" என்று ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். 32 அணிகளின் விலகல் முறைப் போட்டிக்கு 31 ஆட்டம் தேவை. அதில் 16 அணிகள் ஒரே ஆட்டத்தோடு போய்விடும். எட்டு அணிகள் ஒன்றுக்கொன்று மோதினால் 28 ஆட்டம். ஒவ்வோர் அணிக்கும் ஏழு. அயலில் உள்ள எட்டு ஊர்கள் சேர்ந்தால் ஏழு ஞாயிற்றுக்கிழமை போதும். இப்படி நான்கு குழு, நான்கு மைதானம். பருவ முடிவில் முதலிரண்டு இடம் பிடித்த அணிகள் அடுத்த ஆண்டு மேல் குழுவுக்கு, கடைசி இரண்டும் கீழ்க் குழுவுக்கு. நடுவர் செலவு கூடும், மறுக்கவில்லை. பந்தலும் பொன்னாடையும் குறைந்தால் அந்தக் காசு வரும். ஞாயிற்றுக்கு ஞாயிறு பிரதம விருந்தினர் தேட முடியாது என்பதே இதில் பெரிய லாபம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் புள்ளி அட்டவணையைக் கிழமைதோறும் போடுகிறீர்கள். எங்கள் ஊர்களில் எட்டுக் கழகங்கள் துணிந்து இப்படி ஒரு பருவத்தைத் தொடங்கினால், அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் நாலு விரல் இடம் தருவீர்களா? புள்ளியும் கோல் வித்தியாசமும் நானே கூட்டி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு முன்னர் உங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறேன். சைக்கிளில் பத்து நிமிடம்தான்.

இங்ஙனம்,
முன்னாள் பந்துக் காப்பாளர்,
குருநகர், யாழ்ப்பாணம்.