செவ்வாய்க்கிழமை டாக்டர்

கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் என் கால். பயப்படாதே, இப்போது நன்றாக நடக்கிறேன்.

சித்திரையில் ஒருநாள் உச்சி வெயிலில் திருப்பாதிரிப்புலியூர் போயிருந்தோம். பாடலீஸ்வரர் கோயில் பிராகாரக் கல் தணலாகக் கிடந்தது. சனமெல்லாம் குதித்துக் குதித்து நிழலுக்கு ஓடியது. நான் மட்டும் நிதானமாகச் சுற்றி வந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. வீட்டுக்கு வந்ததும் தரையில் ஈரத் தடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரிதான் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே காசளவு கொப்புளம், அதுவும் உடைந்து போய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

முன்பென்றால் விடியற்காலை பஸ் பிடித்துக் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருப்பேன். பெரிய ஆபரேஷன் என்றால் இப்போதும் அதுதான் என் வழி. ஆனால் சர்க்கரை மாத்திரை மாற்றவும் காலைக் காட்டவும் அங்கே போய் நின்றால் ஒருநாள் போய்விடும், அவர்களுக்கும் சுமை. எங்கள் தெருவுக்குப் பின்னால் முப்பது படுக்கைகூட இல்லாத ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள்: செவ்வாய் சுகர், வியாழன் எலும்பு, சனி கண். டாக்டர்கள் புதுச்சேரியிலிருந்து வந்து ஓ.பி. மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். இவ்வளவு நாள் அந்தப் பலகையைப் படித்துக்கொண்டே காய்கறி வாங்கப் போயிருக்கிறேன்!

சுகர் டாக்டர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே நர்ஸம்மா கண்ணை மூடச் சொன்னார். தங்கூசி மாதிரி ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடுமாம். அதைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, "தெரிந்தால் சொல்லுங்கள்" என்றார். சொல்லிக்கொண்டே வந்தேன். நடுவில் கொஞ்ச நேரம் அவர் சும்மா இருந்தார் என்று நினைத்தேன். சும்மா இல்லையாம். நான்கு இடத்தில் வைத்தும் எனக்குத் தெரியவில்லை. கோயிலில் எனக்கு வந்தது பக்தி இல்லையடா, மரத்துப்போன நரம்பு.

உடம்பிலேயே நீளமான நரம்பு காலுக்குப் போவதுதான், அதனால் சர்க்கரை முதலில் அங்கேதான் கைவைக்கும் என்றார் டாக்டர். "வலித்திருந்தால் நீங்களே சீக்கிரம் வந்திருப்பீர்கள்." வலி இல்லாததை நல்ல சேதி என்று நினைத்திருந்தவன் நான். வெறுங்காலோடு வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது. தினமும் ராத்திரி பாதத்தடியில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர் காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற எம்.சி.ஆர். செருப்பு வாங்கியாயிற்று. பார்க்கக் கண்றாவிதான், போட்டால் சுகமாக இருக்கிறது.

அப்புறம் உன் வித்தை ஒன்று உண்டே, டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க ரெண்டு நாள் முன்னால் பத்தியம் இருப்பது! அது செல்லாது. சிவப்பணு சுமார் 120 நாள் இருக்குமாம். அதில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால் மூன்று மாத வண்டவாளமும் வெளியே வந்துவிடும். ஹெச்.பி.ஏ.1.சி. என்கிற அந்த டெஸ்ட்டில் எனக்கு 8.9 சதவீதம் இருந்தது, இப்போது 7.4.

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, விழித்திரையை இன்னும் விரிவாகப் பார்க்கட்டும் என்று தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். லேசான கசிவுதான், ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைக்காதே. ஒரு செவ்வாய் மழையில் நனைந்து போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால், பதினொரு மணிக்கு டாக்டர் வரவில்லை என்கிறார்கள். டோக்கன் கொடுக்கும்போது எங்கள் போன் நம்பரை எழுதிக்கொள்ளத் தெரிகிறது, ஒரு போன் போட்டுச் சொல்லத் தெரியவில்லை. சத்தம் போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் அடுத்த செவ்வாய் உள்ளே நுழைந்ததும் நர்ஸம்மா முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்: "புதுச் செருப்பா சார்?" அந்த ஒன்றுக்காகவே அந்த இடத்தை விட மனசு வரவில்லை.

நீ கடைசியாகக் காலைக் காட்டியது எப்போது? சர்க்கரை உனக்கு என்னைவிட நாலு வருஷம் சீனியர். ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறாய், திங்கட்கிழமையே வந்துவிடு. பழைய ரிப்போர்ட்டை எல்லாம் எடுத்து வா. காலை ஏழு மணிக்கு டோக்கன் நான் போட்டு வைக்கிறேன். மத்தியானம் சங்கரா மீன் குழம்பு, சோறு அளவாகத்தான். தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

உன் பழைய பெஞ்சுக்காரன்