மகளிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள்

தோட்டத் தலைவர்மாருக்கும் கோயில் கமிட்டியினருக்கும் வணக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் நாம் குடியிருந்த லயக் காம்பராவும் அது நின்ற மண்ணும் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்ததால், நம்மிடம் பாகம் பிரிக்க எதுவும் இருந்ததில்லை. இப்போதுதான் ஏழு பேர்ச்சஸ் காணியும் அதற்கான உறுதிப் பத்திரமும் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருக்கின்றன. இலங்கையின் இந்த மலைக்கு வந்து 200 வருஷத்துக்குப் பிறகு, நம்மில் பலருக்குப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகக் கிடைக்கிற முதல் சொத்து இது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குக் காணி, அதான் சீதனம் போட்டாச்சே" என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது.

எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டில் தகப்பனுக்குக் காரியம் முடிந்த கையோடு, கட்டிக்கொடுத்த மகளிடம் ஒரு தாளை நீட்டினார்கள். தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் சொல்வதாக எழுதியிருந்தது. அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சாட்சிகள் இரண்டு பேரும் போட்டிருந்தார்கள்! அண்ணன் முகத்தைப் பார்த்தாள், போட்டுக்கொடுத்தாள். அந்த வீட்டுக் குசினி அவள் அம்மாவின் சேமலாப நிதிக் காசில் கட்டியது. கொழுந்து பறித்த காசு அது.

இதை வழக்கம் என்கிறீர்கள். சரி, எந்தச் சட்டத்தின் வழக்கம்? தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு, கண்டியச் சட்டம் கண்டியச் சிங்களவருக்கு. நமக்குப் பொருந்துவது பொதுச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண், கல்யாணமானவள் என்ற பேதம் அதில் இல்லை. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்வது இதுதான்.

இந்தியாவில் பழங்குடிப் பெண்களுக்கு இந்த வசதிகூட இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்திவிட்டது. அப்படியிருந்தும் 2025 ஜூலையில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் கோண்டு என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வாரிசுகளுக்குச் சம பங்கு கொடுத்தது. பெண்ணுக்குப் பங்கில்லை என்பதுதான் வழக்கம் என்றால், அப்படிச் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. நம் பெண்களுக்கோ சட்டமே பக்கத்தில் நிற்கிறது, நாம்தான் அவர்கள் கையில் பேனாவைக் கொடுக்கிறோம்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். காணி பெறுகிறவர்களின் பயனாளிப் பட்டியல் எழுதும்போது மனைவி பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பேசுங்கள். அப்புறம், இப்படி ஒரு தாளோடு யாராவது சாட்சிக் கையெழுத்துக் கேட்டு வந்தால் போடாதீர்கள். முதலில் அந்தப் பெண்ணைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போய் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து மகள்