விடிவதற்கு முன் ஒரு தடவை வாருங்கள், ஐயா

மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

அறிக்கை கைக்கு வந்தது. பாலத்தடியில் எடுத்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 6.8 மில்லிகிராம், மீனுக்கு 4 இருந்தால் போதும், ஆகவே அரிசி ஆலைக் கழிவால் ஆற்று மீன் செத்தது என்ற என் புகாருக்கு ஆதாரம் இல்லை என்கிறீர்கள். சரி. மீன் செத்தது சித்திரைக் கடைசியில். நீங்கள் வந்தது ஆனி பத்தாம் தேதி, பகல் பதினொன்றரைக்கு. அதற்குள் மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, புதுத்தண்ணி இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதில் மொண்டால் 6.8 வராமல் என்ன வரும்?

கோடையில் எங்கள் ஆறு எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜனவரி 28-இல் மேட்டூரை மூடினால் பங்குனியில் வெறும் மணல், அங்கங்கே மடு. அடுத்த தண்ணி வருகிறவரை கெண்டையும் அயிரையும் அந்த மடுவில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதில் போய் விழுகிறது புழுங்கல் அரிசி ஆலைக் குழாயிலிருந்து ஊறல் தண்ணீர், அதுவும் ராத்திரியில். "நெல்லு ஊறின தண்ணிதானே, விஷமா?" என்று ஆலைக் கணக்குப்பிள்ளை கேட்டார். விஷமில்லைதான். அதைத் தின்னப் பெருகும் பாக்டீரியா மடுவில் இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் காலி பண்ணிவிடுகிறதே, அதை என்னவென்று சொல்வது?

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். மீன் மிதந்ததற்கு மறுநாள் விடிகாலை நாலரைக்கு, தம்பி டார்ச் பிடிக்க, 300 மில்லிக் குப்பிகளோடு இறங்கினேன். குழாய்க்கு மேலே உள்ள மடுவில் குமிழி விழாமல் குப்பியை அமிழ்த்தி எடுத்து, மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டதும் டீத்தூள் நிறத்தில் திரண்டு அடியில் இறங்கியது. குழாய்க்குக் கீழே அதையே செய்தேன், பால் திரிந்த மாதிரி வெள்ளை. இன்னொரு குப்பி, அதுவும் வெள்ளை. "மருந்து கெட்டுப்போச்சாக்கா?" என்றான் தம்பி. அந்த வெள்ளைக்கு அர்த்தம் உங்கள் ஆய்வகத்துக்குத் தெரியும்: தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகும், இல்லாவிட்டால்தான் வெள்ளை. படித்துறைக் கல்லோரம் கெண்டைகள் வாயைப் பிளந்தபடி ஒன்றன்மேல் ஒன்று ஒதுங்கியிருந்தன. விரால் மட்டும் மேலே வந்து வந்து போனது. இதை உங்கள் ஊழியரிடம் சொன்னால், "விரால் இருந்துச்சுன்னா தண்ணி நல்லாத்தானே இருந்திருக்கு" என்கிறார்! விரால் வெளிக்காற்றை விழுங்கிப் பிழைக்கும் என்று இங்கே ஊத்தா குத்துகிற பையனைக் கேட்டாலும் சொல்வான்.

நான் கேட்பது ஒன்றுதான். கோடையில், விடிவதற்கு முன் வாருங்கள். பகல் வெயிலில் பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரி முழுக்கக் குறைந்துகொண்டே போய் விடியும் முன்புதான் அடிமட்டத்துக்கு வரும். குழாய்க்கு மேலே, குழாய் வாயில், அப்புறம் கீழே, மூன்று இடத்திலும் எடுங்கள். சேற்றையும் கொஞ்சம் அள்ளிப் பாருங்கள். மேல் மடுவில் தட்டான் குஞ்சு, மட்டி, நத்தை எல்லாம் உண்டு. கீழே சிவப்புப் புழு மட்டும் நெளிகிறது. கெட்ட தண்ணீரைப் புதுத்தண்ணி ஒரே நாளில் அடித்துக்கொண்டு போய்விடும், செத்த நத்தை அப்படித் திரும்பி வராது. பூச்சி, நத்தையை வைத்து ஆற்றுக்கு மதிப்பெண் போடும் முறை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமே இருக்கிறது, நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை.

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே போட்டாகிவிட்டது. பாதுகாப்பு வரப்போடு நின்றுவிடும் போல, ஆற்றில் இறங்கக் கூச்சம். வருகிற ஆடிப்பெருக்குக்கு அதே படித்துறையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் வைத்துக் கும்பிடுவோம், ஆலை முதலாளி வீட்டுக்காரர்களும் பட்டுக் கட்டிக்கொண்டு வருவார்கள், தண்ணீர் தெளிவாக இருக்கும், போட்டோ நன்றாக விழும். நீங்களும் வந்து அந்த 6.8-ஐ மைக்கில் வாசிக்கலாம்.

மன்னியுங்கள் ஐயா, வாய் எங்கேயோ போய்விட்டது. அடுத்த சித்திரையில் ஒரு நாள், விடிவதற்கு முன், ஆலைக்குச் சொல்லாமல் தயவுசெய்து வாருங்கள். டார்ச் தம்பி பிடிப்பான். டீ எங்கள் வீட்டில்.

இப்படிக்கு,
கடைமடை ஊர் ஒன்றின் வேதியியல் ஆசிரியை